இலை மட்டும்தான் பச்சை

ஐம்பது மில்லி முகக்களிம்பு. அது இருப்பது கண்ணாடிக் குப்பியில். குப்பியின் அடியில் கால் அங்குலத்துக்குக் கண்ணாடி கெட்டியாக நிற்கும். பார்வைக்கு நூறு மில்லி மாதிரித் தெரிய வேண்டுமே. குப்பி உட்கார வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் தட்டு. தட்டைச் சுற்றி அட்டை உறை. உறைக்கு வெளியே, காந்தம் வைத்து ‘டப்’பென்று மூடிக்கொள்ளும் கெட்டிப் பெட்டி. பெட்டிமேல் கண்ணாடித்தாள். இத்தனையும் பத்திரமாகப் பழுப்பு அட்டைப்பெட்டி ஒன்றுக்குள், கசக்கிய காகிதக் குவியலுக்கு நடுவில் வீடு வந்து சேர்கிறது. காந்தப் பெட்டியின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் குட்டியாக ஒரு பச்சை இலை. பக்கத்தில், பூமியைக் காப்பாற்ற நாங்கள் எடுத்திருக்கும் சிறு முயற்சி என்று ஒரு வரி.

எரிச்சல் வருமா, வராதா?

பிளாஸ்டிக்கைத் திட்டித் திட்டி ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. திட்டு காதில் விழுந்ததும் கம்பெனிகள் அட்டைக்கு மாறின. நல்லதுதான். ஆனால் அட்டை என்று வந்ததும் கூச்சம் விட்டுப்போய்விட்டது. பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்ற யோசித்தவர்கள் அட்டையில் நாலு சுற்றுச் சுற்றுகிறார்கள். கேட்டால் ‘சஸ்டெயினபிள் பேக்கேஜிங்’. விருதுகூடக் கொடுத்துக்கொள்கிறார்கள். புதுமை என்ற பெயரில் இவர்கள் செய்கிற எல்லாமே ஏற்கெனவே இருப்பதன்மேல் இன்னொன்றைச் சேர்ப்பதாகவே இருக்கிறது. எதையாவது எடுத்துவிடலாமே என்ற எண்ணம் மட்டும் பெட்டியை வடிவமைக்கிற அறைக்குள் யாருக்கும் வருவதில்லை.

எங்கள் தெருமுனையில் பழைய பேப்பர் கடை இருக்கிறது. பேக்கேஜிங் மாநாடு எதிலும் பேசக் கூப்பிடாத நிபுணர் ஒருவர் அங்கே தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். தீபாவளி முடிந்து, வீட்டில் சேர்ந்த பரிசுப் பெட்டிகளை அடுக்கிக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். மேலே இருந்த ஒன்றை எடுத்து மூலையில் கிழித்தார். அட்டை கிழிந்தது, மேலே இருந்த வழவழப்பு கிழியாமல் ரப்பர் மாதிரி இழுபட்டு நின்றது.

“இது பேப்பர் இல்லீங்க சார். மேல ஃபிலிம் ஒட்டியிருக்கு. மில்லுல எடுக்க மாட்டாங்க.”

“அட்டைதானே அண்ணே? இலை படம்கூடப் போட்டிருக்காங்களே.”

“ஆப்பிள் படம் போட்டிருந்தா தின்னுடுவீங்களா?”

பழுப்புப் பெட்டிகளை மட்டும் பிரித்துத் தராசில் ஏற்றினார். மற்றதையெல்லாம் என் பக்கமே தள்ளிவிட்டார். அந்தக் குவியலில்தான் அத்தனை இலைகளும் இருந்தன.

அவர் கிழித்துக் காட்டியதன் விவரம் அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரியும். சிவகாசியில் கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள். டூப்ளெக்ஸ் அட்டையில் அச்சடித்து, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிமைச் சூடாக ஒட்டுவது லேமினேஷன். பளபளவென்று வேண்டுமானால் கிளாஸ், பட்டு மாதிரி மங்கலாக வேண்டுமானால் மேட். அதற்குமேல் கம்பெனி பெயருக்குத் தங்க ஃபாயில். பெயர் மட்டும் மினுங்க யூவி பூச்சு. கெட்டிப் பெட்டி என்றால் இன்னும் விசேஷம்: கனமான சாம்பல் அட்டையை வெட்டி, அச்சடித்த தாளை அதன்மேல் பசை போட்டுச் சுற்றி, இரண்டு ஓரத்திலும் காந்தத்தைப் புதைத்து, உள்ளே சாட்டின் துணியோ ஸ்பாஞ்சோ வைத்து முடிப்பார்கள். காகித ஆலையில் பழைய அட்டையைத் தண்ணீரில் போட்டுக் கடைவார்கள். நார் பிரிந்து கூழாகும். ஃபிலிம் கூழாகாது. காந்தம் கூழாகாது. இவை சேர்ந்துவந்தால் ஆலைக்கு வடிகட்டுகிற வேலைதான் மிச்சம். அதனால்தான் அவர்கள் கடைக்காரரிடம் வேண்டாம் என்கிறார்கள், கடைக்காரர் என்னிடம் வேண்டாம் என்கிறார். நான் யாரிடம் சொல்வது? மாநகராட்சி வண்டியில் போடுகிறேன். பூமியைக் காப்பாற்றுவதாக வாக்குக் கொடுத்த பெட்டி நேராகக் கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கோ பெருங்குடிக் குப்பைமேட்டுக்கோ போய்ச் சேர்கிறது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால் கீழே இருக்கும் அந்த அட்டை பல நேரம் உண்மையிலேயே நல்ல அட்டை. நம் கரூர் பக்கம் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1979-ல் தொடங்கியது. மரத்தை மட்டுமே நம்பாமல் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் எடுக்கலாம் என்று பெரிய அளவில் செய்து காட்டியவர்கள். சர்க்கரை ஆலையில் கொதிகலனில் எரிந்துகொண்டிருந்த சக்கையை வாங்கிக்கொண்டு, எரிக்க வேறு எரிபொருளைக் கொடுத்த ஏற்பாடு அது. புதுமை என்றால் எனக்கு அதுதான் புதுமை. 2016-ல் மணப்பாறைக்குப் பக்கத்தில் மொண்டிப்பட்டியில் பெட்டி அட்டைக்கென்றே தனி ஆலையும் போட்டார்கள். இப்படி எங்கேயோ ஒருவர் மூளையைக் கசக்கி அட்டையைச் செய்ய, இன்னொருவர் அதன்மேல் ஃபிலிமை ஒட்டிக் குப்பையாக்கி, அதற்கும் மேலே இலையை அச்சடிக்கிறார்.

இஷ்டத்துக்கு இலை போடக் கூடாதென்று சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பொய்யாகப் பசுமை வேஷம் போடுகிற ‘பசுமைப் பூச்சு’ விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. சுற்றுச்சூழலுக்கு உகந்தது, பசுமையானது என்றெல்லாம் பொத்தாம்பொதுவாகப் போட்டுக்கொள்ள முடியாது. சொன்னால் ஆதாரம் காட்ட வேண்டும், அந்தப் பெருமை பொருளுக்கா, பெட்டிக்கா, பெட்டியில் ஒரு பகுதிக்கா என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். படித்தபோது சந்தோஷமாக இருந்தது. அப்புறம் கடைக்குப் போனேன். இலைகள் வாடவே இல்லை.

மூன்று அம்புகள் ஒன்றையொன்று துரத்தும் மறுசுழற்சிச் சின்னத்தின் கதையும் வேடிக்கைதான். 1970-ல் முதல் புவி நாளை ஒட்டி அமெரிக்காவில் நடந்த ஒரு போட்டிக்காகக் கேரி ஆண்டர்சன் என்ற மாணவர் வரைந்தது. போட்டியை நடத்தியது கன்டெய்னர் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா. அவர்கள் தொழிலே அட்டைப்பெட்டி. பிறகு 1988-ல் பிளாஸ்டிக் தொழில்காரர்கள் அதே மாதிரி முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண் போட்டார்கள். அந்த எண் சொல்வது பிளாஸ்டிக்கின் வகையை மட்டும். மறுசுழற்சி செய்ய முடியுமா, நம் ஊரில் அதை யாராவது எடுப்பார்களா என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. ஆனால் பார்க்கிற நமக்கு அந்த அம்புகள் போதும், மனசு லேசாகிவிடுகிறது.

பார்சல் பெட்டி வேறு ரகத் தலைவலி. ஒரு சார்ஜர் கம்பி கேட்டால் குழந்தையைப் படுக்க வைக்கிற அளவுக்குப் பெட்டி வருகிறது. கிடங்கில் கட்டுகிற பையனை நான் குறை சொல்ல மாட்டேன். மணிக்கு இத்தனை பார்சல் என்று தலைக்குமேல் கணக்கு ஓடுகிறது. அங்கே இருப்பது குறிப்பிட்ட சில அளவுப் பெட்டிகள்தான். கைக்கு எட்டியதை எடுத்து ஒட்டி அனுப்புகிறான். ஆனால் அவனுக்கு மேலே இருப்பவர்களுக்குக் கணக்குத் தெரியாதா? கூரியரில் எடை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000-ஆல் வகுத்து வருவதைக் கிலோவாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மை எடை, இந்தக் கணக்கு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு. நாற்பதுக்கு முப்பதுக்கு இருபத்தைந்து அளவுள்ள பெட்டியில் அரைக் கிலோ சாமான் போனால் ஆறு கிலோவுக்கான கட்டணம். மிச்ச ஐந்தரைக் கிலோ காற்று. அந்தக் காற்று லாரியில் இடம் பிடிக்கிறது, டீசல் குடிக்கிறது, கடைசியில் பொருளின் விலையில் ஏறி நம் தலையில் விடிகிறது. சாமானை அளந்து அதற்கேற்ற பெட்டியை அங்கேயே வெட்டி மடித்துத் தரும் இயந்திரங்கள் உலகத்தில் வந்து வருஷக்கணக்காகிறது.

ஐரோப்பியர்கள் இதைப் பிடித்துவிட்டார்கள். 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய புதிய பேக்கேஜிங் சட்டப்படி, 2030 வாக்கில் இணையப் பார்சல் பெட்டிகளில் வெற்றிடம் பாதிக்குமேல் இருக்கக் கூடாது. எனக்கு அதில் மிகவும் பிடித்த இடம் வேறு. காகிதத் துண்டு, காற்றுப் பை, குமிழித்தாள் என்று எதைப் போட்டு நிரப்பினாலும் அதுவும் வெற்றிடமாகவே கணக்கு. யாரோ ஒரு அதிகாரி வீட்டில் பார்சலைப் பிரித்து நொந்துபோய் எழுதிய விதி அது என்று நினைக்கிறேன். இரட்டைச் சுவர், போலி அடிப்பாகம் வைத்துப் பொருளைப் பெரிதாகக் காட்டுவதற்கும் அதே சட்டத்தில் தடை இருக்கிறது. முகக்களிம்புக்காரர்கள் படிக்கட்டும்.

பெட்டியே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். கண்ணாடிச் சாமான் நம் சாலைகளில் நூறு கிலோமீட்டர் வர வேண்டுமென்றால் பெட்டி வேண்டும். ஐப்பசி மழையில் வண்டியின் பின்னால் வருகிற பார்சலுக்கு உறை வேண்டும். உடைந்து வந்த மிக்ஸி ஜார், அதைக் காப்பாற்றியிருக்கக்கூடிய பெட்டியைவிடப் பெரிய குப்பை. பனையோலைப் பெட்டிக்குத் திரும்புவோம் என்கிற கட்சியிலும் நான் இல்லை. உடன்குடிக் கருப்பட்டிக்கு ஓலைப்பெட்டி அழகு. வாஷிங் மெஷினுக்கு ஆகாது.

ஆனால் பற்பசைக்கு எதற்குப் பெட்டி? ட்யூப் ஏற்கெனவே மூடிபோட்டுத்தானே இருக்கிறது? கடையில் அடுக்கி வைக்க வசதி என்பார்கள். ஜெர்மனியில் 1991-ல் ஒரு பேக்கேஜிங் சட்டம் போட்டார்கள். 1992 ஏப்ரல் முதல், இந்த மாதிரி மேல்பெட்டிகளைக் கடையிலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் போக வாடிக்கையாளருக்கு உரிமை. அதற்குத் தொட்டி வைப்பது கடைக்காரர் பொறுப்பு. அதுவரை மேல்பெட்டி யார் வீட்டுக் குப்பை என்று கடைக்காரர் கவலைப்பட்டதில்லை. தன் கடை வாசலில் குவிந்தால் சும்மா இருப்பாரா? தயாரிப்பாளரைப் பிடிக்க வேண்டியதுதானே. அமெரிக்காவில் சிடி தட்டுகளுக்கும் இப்படி ஒரு கூத்து நடந்தது. தட்டு ஐந்து அங்குலத்துக்குக் கொஞ்சம் கீழே. அதை ஒரு அடி நீள அட்டைப்பெட்டியில் விற்றார்கள். பழைய இசைத்தட்டு அலமாரிக்கு அளவு பொருந்த வேண்டும், பையில் போட்டுத் திருடிக்கொண்டு போகக் கூடாது என்று காரணம் சொன்னார்கள். வாங்கியவர்கள் வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் தூக்கி எறிந்தார்கள். எதிர்ப்புக் கிளம்பி, 1993 ஏப்ரலோடு அந்தப் பெட்டியை ஒழித்தார்கள். இசைத் தொழில் ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

மடிக்கிற அட்டைப்பெட்டி பிறந்ததே சிக்கனத்தால்தான். 1879 வாக்கில் நியூயார்க்கில் ராபர்ட் கேர் என்பவருடைய ஆலையில் விதைப் பைகள் அச்சாகிக்கொண்டிருந்தன. மடிப்புத் தடம் போட வேண்டிய உலோகப் பட்டை ஒன்று உயரமாக நின்றுவிட, பைகள் வெட்டுப்பட்டுப் பாழாயின. வெட்டுவதையும் மடிப்புத் தடம் போடுவதையும் ஒரே அடியில் முடிக்கலாமே என்று அந்த நஷ்டத்தில் அவருக்குப் பொறிதட்டியது. அதுவரை பெட்டிகளைக் கையால் வெட்டிக் கையால் ஒட்டினார்கள். கேருக்குப் பிறகு தட்டையாக அடுக்கி அனுப்பி, வேண்டுமிடத்தில் விரித்துக்கொள்ளும் பெட்டி வந்தது. இடம் மிச்சம், கூலி மிச்சம். இன்றைய காந்தப் பெட்டியோ பெரும்பாலும் மடியாது. காலியாக அனுப்பும்போதும் முழுப் பெட்டியின் இடத்தை அடைத்துக்கொண்டுதான் லாரியில் வருகிறது. நூற்று நாற்பது வருஷத்துக்கு முந்தைய புதுமையைத் தலைகீழாகத் திருப்பியிருக்கிறோம்.

ஆப்பிள் கம்பெனி 2020-ல் ஐபோன் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்தது. பெட்டி மெலிந்தது, ஒரே தடவையில் அதிகப் போன்களை ஏற்றலாம் என்று விளக்கம். சரிதான். அந்த சார்ஜரைத் தனியாக வாங்குகிறவனுக்கு அது தனிப் பெட்டியில் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

மக்கும் உறை என்று இன்னொன்று. சோளத்தில் செய்தது, மண்ணோடு மண்ணாகிவிடும் என்று எழுதியிருக்கும். ஆகும், எங்கே, எப்படி என்பதைத்தான் எழுத மாட்டார்கள். இந்த வகையில் பெரும்பாலானவை சிதைய, ஐம்பத்தைந்து அறுபது டிகிரி சூடு வாரக்கணக்கில் நிற்கிற உரக்கூடம் வேண்டும். என் வீட்டு மாடித் தொட்டியில் அந்தச் சூடு சித்திரையிலும் வராது. அமெரிக்காவில் எக்கோவேட்டிவ் என்ற கம்பெனி விவசாயக் கழிவில் காளான் இழையை வளர்த்து, தெர்மாகோலுக்குப் பதிலாக மூலைக்கட்டை செய்கிறது. டெல் கம்பெனி 2011 வாக்கிலேயே கம்ப்யூட்டர் சர்வர்களை அதில் வைத்து அனுப்பிப் பார்த்தது. மெச்ச வேண்டிய வேலை. அப்படிப்பட்டதைப் பற்றிப் படிக்கும்போதுதான் இங்கே இலையோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்மேல் கோபம் இரட்டிப்பாகிறது.

இனிப்புப் பெட்டிக்கு வருகிறேன். மனசில் நெடுநாளாகக் கிடக்கிற புழுக்கம் இது.

தீபாவளிக்கு முன் எந்த இனிப்புக் கடையிலும் நின்று பாருங்கள். பெட்டியைத் தராசில் வைப்பார்கள். எண் ஏறும். அதை அழிக்காமலே இனிப்பை அடுக்குவார்கள். அரைக் கிலோ காட்டியதும் மூடி, ரப்பர் பேண்டு. நான் ஒரு கடையில், “பெட்டி எடையைக் கழிச்சுப் போடுங்க தம்பி” என்றேன். “எல்லாருக்கும் இப்படித்தான் சார் போடுறோம்” என்றான், ஏதோ சமத்துவத்தை நிலைநாட்டுகிற தோரணையில். பின்னால் நின்ற கூட்டம் என்னைத்தான் முறைத்தது. கிலோ ஆயிரம் ரூபாய் இனிப்பு, பெட்டி எண்பது கிராம் என்று வைத்துக்கொண்டால் அட்டைக்கு எண்பது ரூபாய் கொடுக்கிறோம். அதே அட்டையைப் பழைய பேப்பர் கடையில் போட்டால் ஒரு ரூபாய் தேறினால் அதிகம். ஃபிலிம் ஒட்டியிருந்தால் அதுவும் கிடையாது.

இங்கேதான் முடிச்சு இருக்கிறது. பெட்டி கனக்கக் கனக்கக் கடைக்கு லாபம் என்கிறபோது, மெல்லிய பெட்டியைக் கண்டுபிடி என்று யார் யாரிடம் சொல்வார்கள்? அட்டை தடிக்கும், உள்ளே தட்டு முளைக்கும், தட்டில் அறை பிரியும், அறைக்கு ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் வரும். இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ் இவற்றின்மேல் சுற்றுகிற பிளாஸ்டிக் ஃபிலிம் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. பட்டியலில் பெயர் சொல்லியே போட்டிருக்கிறார்கள். கடையில் இன்னமும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சீனாவில் நிலா விழாவுக்கு மூன்கேக் கொடுப்பது நம் தீபாவளிப் பலகாரம் மாதிரி. அங்கேயும் பெட்டி முற்றி, மரப்பேழை வரைக்கும் போயிற்று. 2022 ஆகஸ்டில் விதியை இறுக்கினார்கள். மூன்று அடுக்குக்குமேல் சுற்றக் கூடாது. விலை 100 யுவானுக்கு மேலே போனால் பேக்கேஜிங் செலவு விற்பனை விலையில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விலையுயர்ந்த உலோகமும் செம்மரமும் கூடாது. நாலு வரி. இலை வரைந்தாயா, காளானில் செய்தாயா என்றெல்லாம் கேட்காமல், எத்தனை அடுக்கு, எவ்வளவு செலவு என்று மட்டும் கேட்கிற விதி. நம் அதிகாரிகளாலும் எழுத முடிகிற நீளம்தான்.

அதுவரைக்கும் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இனிப்போ முறுக்கோ, வாங்கும்போது காலிப் பெட்டியைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு எடை போடச் சொல்லுங்கள். அநேகமாக எந்த மின்னணுத் தராசிலும் அதற்கென்று ஒரு பட்டன் இருக்கிறது, அழுத்த ஒரு விநாடி போதும். பின்னால் நிற்பவர்கள் முறைத்தால் முறைக்கட்டும். பொருளின் எடையில் பெட்டி சேரக் கூடாது என்பதுதான் எடையளவுச் சட்டம். மறுத்தால் புகாரை வாங்கிக்கொள்ள வேண்டியது தொழிலாளர் துறை.